மகள் நிலத்தோற்றக் கட்டடக்கலை படிக்கக் கேட்கிறாள்: மட்டக்களப்புப் பக்கம் இதற்கு வேலை உண்டா?

எழுவான்கரைத் தாய்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கிறாள். மருத்துவமும் வேண்டாம், தாதியர் படிப்பும் வேண்டாம், மொறட்டுவையில் நிலத்தோற்றக் கட்டடக்கலை என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் வளவும் வாய்க்காலும் மரமுமாக வரைந்து வைத்திருப்பவள்தான், ஆனாலும் இது நாங்கள் எதிர்பாராதது.

"பூக்கன்று நடுவதற்கு நான்கு வருடப் படிப்பா?" என்று கேட்டுவிட்டு அவளுடைய அப்பா எழுந்து போய்விட்டார். கொழும்பில் இருக்கும் என் தம்பி விசாரித்துவிட்டு, வேலை உண்டு, ஆனால் மட்டக்களப்பில் இல்லை என்கிறான். இது உண்மையில் என்ன படிப்பு, படித்தவர்கள் எங்கே போகிறார்கள், தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் தாக்குப்பிடிப்பாளா? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நாற்றுமேடை:

அக்கா, செங்கலடியில் எனக்கு ஒரு நேர்சரி இருக்கிறது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கியதிலிருந்து மலேசியன் புல் பதிப்பதும், வளர்ந்த தென்னையை வேரோடு கொண்டுபோய் நடுவதும்தான் என் பிழைப்பு. என்னிடம் பட்டம் கிடையாது. வரைபடம் கொழும்பிலிருந்து வரும். அதில் இருக்கும் செடிகளில் பாதி, தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று தொடங்கினால் கருகிவிடும். உப்புக் காற்றும் கடல் மணலும் தெரியாதவர் வரைந்தது அப்படித்தான் இருக்கும். நான் பூவரசும் புன்னையும் தாழையும் என்று மாற்றி நட்டுக் கொடுப்பேன். பெயரும் பணமும் வரைந்தவருக்கு.

மருமகளுக்கு மரத்தில் விருப்பம் என்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். மண், பூச்சி, நீர்ப்பாசனம் எல்லாம் படிக்கலாம். மொறட்டுவை வரை போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

தோஹாவில் ஒரு மட்டக்களப்பான்:

அக்கா, நான் அந்தப் படிப்பைத்தான் மொறட்டுவையில் படித்தேன். இப்போது கட்டாரில் வேலை. நாற்றுமேடை அண்ணன் சொன்ன குறை முழுக்க உண்மை. கச்சான் காற்றைத் தெரியாதவர் வரைந்தால் செடி கருகும். அந்தக் காற்றுக்குள் வளர்ந்த பிள்ளை வரைந்தால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படிப்பில் பூக்கன்று கடைசியாகத்தான் வரும். முதலில் வருவது தரை. ஒரு காணியைத் தந்து அதன் ஏற்ற இறக்கத்தை, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளாக வரையச் சொல்வார்கள். மழை விழுந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், அடுத்தவன் வளவுக்குள் போகுமா, ஒரு மேட்டை ஓரடி தணித்தால் அது எப்படி மாறும் என்பதையெல்லாம் அந்தக் கோடுகளிலிருந்து வாசிக்கப் பழக வேண்டும். பிறகு மண், நிழல், காற்று, மனிதர் நடக்கும் வழி. அதன் பிறகே மரம். கூடவே தாங்குசுவர், படி, நடைபாதை, வடிகான், விளக்கு ஆகியவற்றின் விவர வரைபடங்கள், அளவுப் பட்டியல், ஒப்பந்தக்காரரோடு களத்தில் நிற்பது. ஒரு வீட்டு முற்றத்தில் தொடங்கி, கடைசி ஆண்டுக்குள் ஒரு நகரத்தின் முழு ஆற்றங்கரையைக் கையில் தருவார்கள்.

சரித்திரமும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டுச் சிகிரியாவில் கீழே உள்ள நீர்ப்பூங்காவின் பீச்சுக்குழாய்கள் நல்ல மழைக்காலத்தில் இன்றும் நீர் கக்கும். அதை அமைத்தவர்கள் நீரழுத்தத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஃபிரெடரிக் லோ ஓம்ஸ்டெட், பின்னர் பொஸ்டனில் செய்த பேக் பே ஃபென்ஸ் என்ற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று போகிறவர் அதைப் பூங்கா என்றுதான் நினைப்பார். அது 1878 அளவில் கழிவுநீரும் வெள்ளமும் சேர்ந்து நாறிய ஒரு சதுப்பைச் சீர்செய்யத் தொடங்கிய வேலை.

வேலை எங்கே என்றால், பெரும்பகுதி கொழும்பில் உள்ள ஆலோசனை நிறுவனங்கள், கட்டடக்கலைஞர் அலுவலகங்கள், நகர அபிவிருத்தி அதிகார சபை, ஹோட்டல் மற்றும் வீடமைப்புக் கம்பனிகள். வெளிநாட்டில் வளைகுடாவும் சிங்கப்பூரும். இங்கே நாங்கள் நடும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குழாய் போக வேண்டும். பொதுப் பூங்காக்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பாய்ச்சுகிறார்கள். அதிலுள்ள உப்பைத் தாங்கும் செடி எது என்பதே பாதி வேலை. உப்பு மண் எனக்குப் புதிதல்ல என்பதால் நேர்முகத்தில் நான் தடுமாறவில்லை. உங்கள் தம்பி சொன்னதையும் மறுக்க மாட்டேன். மட்டக்களப்பில் இந்தப் பெயரோடு விளம்பரமான பதவி எதையும் நான் பார்த்ததில்லை.

ஸ்டூடியோவாசி:

அம்மா, நான் இப்போது அங்கே படிக்கிறேன், ஊர் திருக்கோவில். மொழி பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் முதல் தவணையில் விரிவுரையாளர் பகிடி சொன்னால் மற்றவர்கள் சிரித்த பிறகுதான் நான் சிரிப்பேன். படிப்பு முழுவதும் ஆங்கிலம். ஆனால் இங்கே கட்டுரையை விட வரைபடம்தான் அதிகம் பேசுகிறது. நிலத்தை நெடுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற ஒரு வெட்டுமுகத்தைச் சரியாக வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால், திக்கித் திக்கிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். நடுவர் முன் நின்று பதில் சொல்லும் நாள்தான் பயம். அதுவும் பழகிவிடும். உண்மையில் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது சிங்களம். விடுதியிலும் களவேலையிலும் பேச்சு அதில்தான். இந்த விடுமுறையில் மகள் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும்.

சேர்வதற்கு இஸட் புள்ளி மட்டும் போதாது. தனியாக உளச்சார்புத் தேர்வு ஒன்று உண்டு, அதில் சித்தியடைந்தால்தான் இஸட் புள்ளியைப் பார்ப்பார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எடுத்துப் பாடச் சேர்க்கை விதியையும் அவள் கண்ணாலேயே பார்க்கட்டும். ரியூசன் மாஸ்டர் சொன்னார் என்று விட வேண்டாம்.

செலவையும் சொல்கிறேன். விரிவுரைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் தாள், மாதிரி செய்யும் அட்டை, அச்சு என்று காசு கரைந்துகொண்டே இருக்கும். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், போட்டோஷொப் ஓடக்கூடிய மடிக்கணினி வேண்டும், அது மலிவாகக் கிடைக்காது. ஒப்படைப்பு வாரத்தில் தூக்கமும் இல்லை, வரையும் கூடமான ஸ்டூடியோவிலேயே கிடப்போம். என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு இன்பமும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பெந்தோட்டைக்கு அருகில் லுணுகங்கைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். ஜெஃப்ரி பாவா 1948-இல் வாங்கிய பழைய தோட்டம். சட்டத்தரணியாக இருந்த மனிதர், அந்த நிலத்தில் கைவைத்த பிறகே கட்டடக்கலை படிக்கப் போனார். வீட்டிலிருந்து ஏரி தெரிய வேண்டும் என்பதற்காக நடுவே இருந்த குன்றின் முதுகையே தணித்திருக்கிறார். அங்கே நின்றால் எது இயற்கை, எது மனிதன் வெட்டியது என்று பிரிக்க முடியாது. எங்கள் வகுப்பில் வாயாடிகள் கூட அன்று அதிகம் பேசவில்லை.

வடிகான் பொறியியலாளர் (ஓய்வு):

நான் ஓர் உள்ளூராட்சி சபையில் நீண்ட காலம் வேலை செய்தவன். இந்தத் துறைக்காரரை நாங்கள் எப்போது கூப்பிடுவோம் தெரியுமா? வீதி போட்டு, வடிகான் கட்டி, மதில் எழுப்பி, திறப்பு விழாவுக்குத் திகதி வைத்த பிறகு. "கொஞ்சம் பச்சையாக ஏதாவது செய்யுங்கள்" என்போம். அவர் வந்து பார்த்தால் மரம் நட வேண்டிய இடத்தில் கொங்கிறீட் இருக்கும். குறை சபை முறையில் இருக்கிறது, அந்த மனிதரில் இல்லை.

ஆனால் இந்த மண்ணில்தான் அவர்கள் முதலில் வர வேண்டும். நம் நிலத்தைப் பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் 56 கிலோமீற்றர் நீளமான வாவி, இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. அதன் மேல் ஊருக்கு மேல் ஊர். மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் நீரெல்லாம் வாவிக்கு வந்து, பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வெட்டிவிட வேண்டும், எப்போது வெட்டுவது என்பதில் மீனவருக்கும் விவசாயிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இழுபறி. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஒதுங்க இருந்த பள்ளங்களை நாங்கள் கிறவல் போட்டு நிரப்பி வீட்டுக் காணியாக்கினோம், பிறகு வடிகானைப் பெரிதாக்கக் காசு கேட்டோம். எந்தப் பள்ளத்தைத் தொடக் கூடாது என்று முதலில் சொல்லும் ஒருவர் மேசையில் இருந்திருக்கவில்லை.

சாய்ந்தமருதுக் காக்கா:

சேர் சொன்னதற்கு எங்கள் தோணாவே சாட்சி. முன்னைய காலத்தில் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோன நீர்வழி. இப்போது பாதி நாள் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் குப்பையும். ஒவ்வொரு முறையும் பெக்கோ வந்து வாரிவிட்டுப் போகிறது, அடுத்த மாரிக்குள் பழைய கோலம்.

சிங்கப்பூரில் பிஷான் பூங்கா என்று ஒன்றுக்குப் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். அங்கே கல்லாங் ஆறு முன்பு நேரான கொங்கிறீட் கால்வாயாக இருந்ததாம். கொங்கிறீட்டை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக்கி, கரையில் செடி வளர்த்து 2012-இல் திறந்திருக்கிறார்கள். மழை வந்தால் பூங்காவின் ஒரு பகுதியே ஆறாகிவிடும், வடிந்த பிறகு மறுபடி பிள்ளைகள் விளையாடுவார்கள். எங்கள் தோணாவை அப்படிச் செய்ய முடியாதா?

வடிகான் பொறியியலாளர் (ஓய்வு):

காக்கா, அந்தப் பூங்காவுக்கு இருந்த அகலம் தோணாவுக்கு இல்லை. இரு கரையிலும் வீடு. வளைந்து ஓட விட வேண்டும் என்றால் யாருடைய வீட்டை எடுப்பது? பராமரிப்பு ஊழியரும் வேண்டும். ஒடுங்கிய இடத்தில் கொங்கிறீட் வடிகான்தான் நியாயமான தீர்வு, அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம்.

தோஹாவில் ஒரு மட்டக்களப்பான்:

சேர், ஒடுங்கிய இடத்தில் கொங்கிறீட் இருக்கட்டும். ஆனால் தோணா முழு நீளத்துக்கும் ஒரே அகலமா? அகலமான இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் தங்கி வடிகிற பள்ளம் விட்டால் கீழே உள்ள வடிகானின் சுமை குறையும். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தப் படிப்பு. சிங்கப்பூர் வரை போக வேண்டாம், கொழும்பில் பெத்தகானவையும் தியசருவையும் பாருங்கள். வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் சதுப்பை நிரப்பாமல் மரப்பலகைப் பாதை போட்டுப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். 2018-இல் கொழும்புக்கு, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது அப்படிப்பட்ட ஈரநிலங்களால்தான். வாவி உள்ள மட்டக்களப்பு எந்த விதத்தில் குறைச்சல்?

நிந்தவூர் ஆசிரியர்:

நான் புவியியல் கற்பிப்பவன். கடற்கரையையும் விட்டுவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று வீடு கட்டக் கூடாத தடைவலயம் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். அளவுகோலை வைத்து இழுத்த கோடு அது. மணற்குன்று இருந்த இடமும், கண்டல் இருந்த இடமும், முகத்துவாரத்தின் வாய் திறந்திருந்த இடமும் அந்தக் கோட்டுக்கு ஒன்றுதான். கடலுக்கு அவை ஒன்றல்ல.

ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கற்பித்த இயன் மக்ஹார்க், 1960-களில் ஒரு முறையைப் பரப்பினார். மண், நீர், சரிவு, தாவரம், குடியிருப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகு தாளில் நிழலிட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது. எந்த இடம் எதற்குத் தாங்கும் என்பது மேலிருந்து தெரிந்துவிடும். இன்றைய புவியியல் தகவல் முறைமை அதே வேலையைக் கணினியில் செய்கிறது. கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். பெறுபேறு வரும் வரை மகள் அதைத் தரவிறக்கித் தன் ஊரையே அடுக்கிப் பார்க்கலாம்.

ஒலுவில் துறைமுகம் கட்டிய பிறகு அலைத்தடுப்புக்கு வடக்கே கரை அரித்து, எங்கள் நிந்தவூர் வரை தென்னைகள் கடலுக்குள் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். கரையோரமாக மணல் நகர்வதை மறித்தால் ஒரு பக்கம் சேரும், மறு பக்கம் போகும். கடலைப் பொறியியலாளர் பார்க்கட்டும். கரையில் இருக்கும் மனிதனையும் அடம்பன் கொடியையும் தாழையையும் சேர்த்துப் பார்க்கிற கண் வேறு யாருக்கு இருக்கிறது?

நாற்றுமேடை:

ஆசிரியரே, சுனாமிக்குப் பிறகு எல்லோரும் சவுக்குத்தான் நட்டார்கள். வேகமாக வளரும் என்பது சரிதான், ஆனால் அதன் அடியில் விழுந்து கிடக்கும் சருகுக்குள் வேறொன்றும் முளைக்காது. அடம்பன் கொடி மணலைப் பிடித்து வைத்திருந்த இடத்திலும் கொண்டுபோய் வரிசையாக நட்டார்கள். அதை அப்போது கேட்க ஆள் இருந்திருந்தால் நான் இவ்வளவு எதிர்த்திருக்க மாட்டேன்.

எழுவான்கரைத் தாய்:

எல்லோரும் எழுதியதை அவளுடைய அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முகத்துவாரம் வெட்டும் கதை வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். அவருக்கு இப்போது ஒரே ஒரு கேள்வி: அரசாங்க வேலை கிடைக்குமா?

தோஹாவில் ஒரு மட்டக்களப்பான்:

ஐயாவிடம் நேராகச் சொல்லுங்கள், அக்கா. அரசாங்கத்தில் இத்துறைக்கென்று உள்ள இடங்கள் சொற்பம், ஆசிரியர் நியமனம் போல வரிசையில் நின்று வாங்குவது அல்ல. தனியார் நிறுவனத்தில் தொடங்கி, அனுபவம் பெற்று, இலங்கை நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் தொழில்சார் உறுப்புரிமை எடுப்பதுதான் பலர் போகும் பாதை. தொடக்கச் சம்பளம் தோழியரில் பொறியியல் படித்தவர்களுடையதை விடக் குறைவாக இருக்கலாம், அதையும் அவள் தெரிந்துகொண்டே போகட்டும். பிறகு ஊரிலேயே அலுவலகம் திறப்பதென்றால் பாசிக்குடாவும் அறுகம்பேயும் இருக்கின்றன. ஆனால் முதல் சில ஆண்டுகள் ஹோட்டல் முதலாளி சொன்னதைத்தான் வரைய வேண்டியிருக்கும், வாவியை அல்ல. எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை, விமானம் ஏறிவிட்டேன்.

வடிகான் பொறியியலாளர் (ஓய்வு):

கதவு திறந்திருக்க வேண்டும் என்றால் இரண்டு வழியையும் வைத்துக்கொள்ளட்டும். உளச்சார்புத் தேர்வுக்குப் போகட்டும், விவசாய பீடத்தையும் விண்ணப்பத்தில் போடட்டும். விவசாயம் கிடைத்தாலும் பாதை மூடிவிடாது. பிரித்தானியாவில் ஷெஃபீல்ட், எடின்பரோ போன்ற பல்கலைக்கழகங்களில் வேறு பட்டம் பெற்றவர்களும் இத்துறைக்கு மாறக்கூடிய முதுகலைப் படிப்புகள் உண்டு, புலமைப்பரிசில் இல்லாமல் செலவு தாங்காது என்பது வேறு விஷயம். இந்தியாவில் தில்லியிலும் அகமதாபாத்திலும் முதுகலை உண்டு. அங்கே பெரும்பாலும் கட்டடக்கலைப் பட்டம் கேட்பார்கள்.

நாற்றுமேடை:

சரி, நான் விவசாயத்தைத்தான் இன்னும் முதலில் வைப்பேன். ஆனாலும் அக்கா, தேர்வுக்கு முன்பு மருமகளை ஒரு நாள் நேர்சரிக்கு அனுப்புங்கள். வாவிக்கரை மரங்களான கிண்ணைக்கும் கண்டலுக்கும் தில்லைக்கும் வித்தியாசம் வரைபடத்தில் படிய வேண்டுமென்றால் இலையைக் கையில் பிடிக்க வேண்டும், தில்லையை மட்டும் தொடாமல் பார்க்க வேண்டும், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது. என் வளவின் பின்பக்கம் ஒவ்வொரு மாரியிலும் முழங்கால் அளவு தேங்குகிறது, எந்தப் பக்கம் வெட்டிவிடுவது என்று தெரியவில்லை. அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

ஸ்டூடியோவாசி:

கருவி வேண்டாம் அண்ணன், மேசன்மார் வைத்திருக்கும் ஒளிபுகு நீர்மட்டக் குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். வளவில் இரண்டு மீற்றருக்கு ஒரு முளை அடித்துக் கட்டம் போடுங்கள். குழாயின் ஒரு முனையை அசையாத ஓர் இடத்தில், கிணற்றுக் கட்டின் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தி அங்கே தண்ணீர் மட்டத்துக்கு ஒரு குறி போடுங்கள், மறு முனையை ஒவ்வொரு முளையிலும் பிடித்து, முதல் முனையில் தண்ணீர் அதே குறிக்கு வரும் வரை ஏற்றி இறக்கி, தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து தரை வரை அளந்து எழுதுங்கள். பெரிய எண் வந்தால் பள்ளம், சிறிய எண் வந்தால் மேடு. ஒரே எண் உள்ள முளைகளைக் கோட்டால் இணைத்தால் சமவுயரக் கோடு வந்துவிடும். முதல் ஆண்டில் எங்களுக்குத் தந்த பயிற்சியும் ஏறக்குறைய இதுதான். அவள் வரைந்து முடித்தால் இங்கே படம் பிடித்துப் போடச் சொல்லுங்கள், பிழை இருந்தால் சொல்கிறேன்.

நாற்றுமேடை:

குழாய் பக்கத்து வீட்டு மேசனிடம் இருக்கிறது, முளைக்குக் கிளிசரியாக் கம்பு வெட்டி வைக்கிறேன். காலையில் வேளைக்கே வரச் சொல்லுங்கள் அக்கா, பத்து மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் நிழல் கிடையாது.